கோட்டுகள் தொங்கும் அறை

துரிக்கு மீன் தொழிற்சாலையில் வேலை.
வெட்டுமேசையில் ஏழாவது ஆள்.
அங்கே யாரும் அவளைத் திரும்பி முகர்ந்ததில்லை.
ஃபாரோ தீவின் அந்தத் துறைமுகத்தில்
ஐந்து மணிவரை பாதி ஊருக்கு அதே கவிச்சிதான்.
ஐந்துக்குப் பிறகு
மற்றவர்கள் குளித்துவிடுகிறார்கள்.

அவளும் குளிக்கிறாள்.
எலுமிச்சை, தார் சோப்பு,
யாரோ சொன்னார்களென்று ஒருமுறை வினிகர்.
தோல்மேல் இருப்பது போய்விடும்.
உள்ளிருந்து வருவது
துண்டை மடிப்பதற்குள் வந்துவிடும்.

நோய்க்கு வாடை இல்லை. மருந்துக்குத்தான்.
நாளுக்கு மூன்று வேளை, ஒரு மூடி சிரப்.
கொழுப்பு கரையில் மூட்டை மூட்டையாய்க் கிடக்க
ஏற்றிப்போகத் தோணிக்காரன் இல்லாத உடம்பு.
அடுப்பு அணைந்தால் முதலில் நடுங்குவது இதயம்.
சிரப் குடித்தால் தோணி ஓடும்.
தோணி ஓடினால் மீன் வாடை.
டாக்டர் சொன்ன கணக்கு இவ்வளவுதான்.
கணக்கில் வராதது
பேருந்தில் காலியாகவே வரும் பக்கத்து இருக்கை.

அண்ணன் ரெக்வி
பத்தொன்பது வயதில் காய்ச்சலென்று
இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தவன்,
மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை.
அப்போது அந்த வீட்டில் இதற்குப் பெயர் தெரியாது.
பெயர் வந்து, ரத்தம் எடுத்து,
துரியின் கைக்குப் பாட்டில் வந்து சேர
இன்னும் எட்டு வருஷம்.
அம்மா ஒன்றும் சொன்னதில்லை.
கட்டிக்கொள்ளும்போது மட்டும்
மூச்சை நன்றாக உள்ளே இழுப்பாள்.

சித்தி மகளின் கல்யாணம். ஹல்லூர் வருவான்,
படகின் எஞ்சின் அறைக்காரன்,
போன மாதம் அவளிடம் இரண்டு முறை
காற்றைப் பற்றிப் பேசியவன்.
புதன் இரவு துரி பாட்டிலை அலமாரியில் வைத்து மூடினாள்.

சனிக்கிழமை தன் மணிக்கட்டைத் தானே முகர்ந்தாள்.
யாரோ ஒருத்தியின் கை.

வாத்தியம் கிடையாது அந்த ஆட்டத்துக்கு.
கையோடு கை, மரத்தரையில் காலடி,
எழுபது செய்யுள் நீளும் பழம்பாட்டு.
ஹல்லூரின் உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது.
இருபதாவது செய்யுளில் அவள் தொடை கனத்தது.
முப்பதில்
இதயம் ஓர் அடியைத் தவறவிட்டு
இரண்டைச் சேர்த்து வைத்தது.
"தண்ணீர்" என்றாள். கையை உருவிக்கொண்டாள்.

ஈரக் கம்பளிக் கோட்டுகள் நாற்பதுக்கு நடுவே
தன் கோட்டைத் தேடினாள்.
பாட்டிலைக் கொண்டுவராத அளவுக்கு அசடு இல்லை.
செருப்புப் பலகையில் ஏற்கெனவே ஒருத்தி,
ஐம்பது வயது, வெள்ளிப் பொத்தான் ரவிக்கை,
அதே வெள்ளை மூடியைப்
பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள்?"
"மூன்று."
"அடி பாவி. நான் நேற்றிலிருந்துதான்.
என் மகனுக்குப் பெண் கொடுத்தவர்கள் வந்திருக்கிறார்கள்."

சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை.
ஒருத்தி நெஞ்சில் ஒருத்தி கைவைத்துப் பார்த்தார்கள்
அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

இதை எழுதுகிற என் மொழியில்
நாற்றம் என்பது ஒரு காலத்தில்
பூவுக்குச் சொன்ன சொல்.
எந்த நூற்றாண்டில், யார் மூக்கைப் பொத்தி
அதை மாற்றினார்களோ.
துரியிடம் சொல்ல வழியில்லை.
சொன்னாலும் பேருந்தில் அதற்கு மதிப்பில்லை.

மர்யூன் என்று பெயராம் அந்தப் பெண்ணுக்கு.
அரைமணி நேரம் பலகையில் சாய்ந்திருந்தார்கள்.
படபடப்பு அடங்கியும் அடங்காமலும்
உள்ளே போனார்கள்.
வளையம் திறந்தது; யார் வந்தாலும் திறக்கும், வழக்கம் அது.
ஒரு பக்கம் மர்யூன், மறுபக்கம் ஹல்லூர்.
இனி மெல்ல மெல்ல வாடை திரும்பும்.
பாட்டு முடிய இன்னும் இருபது செய்யுள்.

கடைசிச் செய்யுள்களில்
ஹல்லூர் மூக்கைச் சுருக்கினானோ,
கூட்டத்தின் வியர்வையோ, தெரியவில்லை.
கையை விடவில்லை.
ஆட்டம் நடக்கும்போது யாரும் விடுவதில்லை.
திங்கட்கிழமை கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்,
இடது கால், இடது கால், வலது கால்.